புதன்கிழமைச் சாப்பாடு

ஊரார் வீட்டு அடுப்பை எட்டிப் பார்ப்பதுதான் மருமகளுக்கு உத்தியோகம். அதுவும் போனில். முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டு, "இன்று இரவு தங்கள் வீட்டில் என்ன உணவு?" என்று கேட்க வேண்டும். உறைய வைத்த சாப்பாட்டைப் பெட்டியில் அடைத்து விற்கும் கம்பெனி ஒன்று, ஜனங்கள் ராத்திரியில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, இவள் வேலை பார்க்கும் ஆபீஸிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்திருந்தது.

ஜனங்கள் சொல்லாமல் இல்லை. வாய் நிறையச் சொன்னார்கள். சொன்னதில் முக்கால்வாசி பொய்.

காலையில் மிஞ்சிய சோறு என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. எல்லா வீட்டிலும் சூப்பு கொதித்தது, கோழி வறுபட்டது, பழம் நறுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒரு மனிதர் "கோழி, அதுக்குத் தொட்டுக்க" என்று அடுக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு குழந்தை, "இன்னிக்கும் பிஸ்கட்டாப்பா?" என்று அழுதது. மருமகள் கோழி என்றே பதிவு செய்தாள். சொன்னதை எழுதுவதுதான் வேலை. மோப்பம் பிடிப்பது இல்லை.

ஆனாலும் நாளடைவில் அவளுக்குப் பொய் பிடிபட்டுவிட்டது. பொய் சொல்கிறவர்கள் பதார்த்தத்தின் பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவார்கள். உண்மைக்கு அந்த மூச்சு தேவைப்படாது.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, யார் என்ன பேசுகிறார்கள் என்று மாற்றி மாற்றி ஒட்டுக் கேட்கும் மேலாளருக்கு 'காது' என்று பெயர் வைத்திருந்தார்கள். தெரிந்தவர்கள் நம்பர் வந்தால் கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது காதின் கட்டளை. நம்பரை மெஷினே பொறுக்கிப் போடும். யார் மாட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவளுடைய மாமியார் மாட்டினார்.

"ஹலோ, யாரு பேசறது?"

ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற குரல். ஒரு வார்டு முழுவதையும் கட்டி மேய்த்த குரல். மருமகளின் கை பாதி உயர்ந்தது. அன்று காலையில்தான், அவள் செய்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, "பசி ருசி அறியாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று கையைக் கழுவப் போயிருந்தார் மாமியார். ராத்திரிக்கு அந்தக் காலைச் சோறுதான், கூட ஒரு முட்டை பொரித்துக்கொள்வது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. வெளி ஆளிடம் இதை எப்படிச் சொல்கிறார், பார்க்கலாமே! உயர்ந்த கை தானாகக் கீழே இறங்கியது.

அவள் ஆபீஸ் குரலுக்கு மாறினாள். அது சீவிச் சிங்காரித்த குரல். வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"வணக்கம் அம்மா. உணவுப் பழக்கம் குறித்து ஒரு சிறிய ஆய்வு. இன்று இரவு தங்கள் வீட்டில் என்ன உணவு?"

ஒரு மூச்சு நின்றது.

"மீன் வறுவல்" என்றார் மாமியார். இன்னொரு மூச்சு. "காய்கறி சூப்பு. வதக்கின பீன்ஸ். அப்புறம்... பாலும் முட்டையும் போட்டு ஒரு புட்டிங்."

மருமகள் தன் வாழ்நாளில் புட்டிங் செய்ததில்லை.

"சமைப்பது யார் அம்மா?"

"மருமகதான். வேலைக்கும் போயிட்டு வந்து எல்லாத்தையும் சுடச்சுடச் செஞ்சு வச்சிடுவா."

"அவருடைய சமையலுக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?"

"அஞ்சு."

மூச்சு நிற்கவே இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுந்தது. இது எந்தக் கணக்கில் சேரும் என்று மருமகளுக்குப் புரியவில்லை. மீன் பொய், சூப்பு பொய், அஞ்சு மட்டும் எப்படி உண்மையாகும்? வாராவாரம் இதே நாளில் கூப்பிடலாமா என்று கடைசிக் கேள்வியையும் கேட்டுவிட்டாள். சம்மதித்தவர்களை அதே ஆள்தான் தொடர்ந்து கூப்பிட வேண்டும். அது இன்னொரு கட்டளை.

"தாராளமா கூப்பிடும்மா. நல்ல பொண்ணா இருக்கே, என்ன மரியாதையான பேச்சு" என்றார் மாமியார்.

வேலை முடிந்து போகும் வழியில் அவள் மீன் வாங்கினாள். பீன்ஸ் வாங்கினாள். பால் வாங்கினாள். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

பையிலிருந்து மீன் வெளியே வந்ததும் மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பீன்ஸ் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். புட்டிங் மேசைக்கு வந்தபோது, (அது புட்டிங்கா கஞ்சியா என்று தெரியாத நிலையில்தான் வந்தது) அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"என்ன இது, கல்யாண விருந்தா?" என்றான் கணவன். லிஃப்ட் மெக்கானிக்; நாள் முழுவதும் ஏறி இறங்கி, பசியோடு வந்திருந்தான். "முட்டையும் சோறும்னுதானே காலையில பேசிக்கிட்டீங்க?"

"ஏன்டா, நம்ம வீட்டுல தினமும் இப்படித்தானே?" என்று சீறினார் மாமியார். "வெளியில யாராவது கேட்டா அப்படித்தான் சொல்லணும், ஞாபகம் வச்சுக்க."

கணவன் தாயைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பிறகு மீனைப் பார்த்தான். மீன்தான் அவனுக்குப் புரிந்தது.

அடுத்த புதன்கிழமை மருமகள் கூப்பிட்டாள். மாமியார் முதல் மணியிலேயே எடுத்தார்.

"கோழி வறுத்து, உருளைக்கிழங்கை மசிச்சு, மேல வெண்ணெய் ஒரு கரண்டி" என்றார். ஒரு மூச்சுகூட நிற்கவில்லை. "மார்க்கு இந்த வாரம் நாலுதான் போட்டுக்க. போன வாரம் சூப்புல மிளகு தூக்கல். அந்தப் புட்டிங்கை இனிமே செய்யாம இருந்தா புண்ணியமாப் போகும். இதெல்லாம் அவகிட்ட சொல்லிடாதே. பாவம், முகம் வாடிடும்."

அன்று ராத்திரி கோழி. மிளகு அளவோடு. புட்டிங் இல்லை. மாமியார் சாப்பிட்டு முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த வீட்டில் அதற்கு முன் அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் கிடையாது. கணவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான், புரையேறிவிட்டது.

இப்படியே வாரங்கள் ஓடின. வீட்டில் வாயைத் திறந்து ஒரு குறையும் சொல்லாமல் போனார் மாமியார். குறையெல்லாம் புதன்கிழமை போனில் வந்தது, மரியாதையாக, ரகசியம் காக்கும் வேண்டுகோளுடன். வெங்காயம் இன்னும் வதங்கணும். எண்ணெயைக் குறைக்கலாம். சோறு குழையுது, ஆனா பல்லு ஆடற எனக்கு அது சௌகரியம்தான். மருமகள் ஒவ்வொன்றையும் பதிவு செய்தாள், ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டாள். சமையல் தேறிக்கொண்டே போனது. புதன்கிழமைகளில் அவளுக்கு இடுப்பு ஒடிந்தது.

மழைக்காலத்தில் அவளுக்குச் சளி பிடித்தது. அந்தப் புதன்கிழமை ஆபீஸ் குரலுக்கு எவ்வளவு சீவினாலும் சிங்காரம் ஏறவில்லை.

"குரல் ஏன் இப்படிக் கம்மிப் போயிருக்கு?" என்றார் மாமியார்.

"ஒன்றுமில்லை அம்மா. இன்று இரவு தங்கள் வீட்டில்..."

"ரொட்டி, முட்டை, சூடா பால். அவ்வளவுதான். நான்தான் செய்யறேன்."

"வேறு ஏதேனும் உண்டா அம்மா?"

"வேற ஒண்ணும் கிடையாது. வர்ற வழியில மீனு கீனுன்னு கடையில போய் மழையில நிக்காதே. நேரா வீட்டுக்கு வா."

மருமகள் திடுக்கிட்டுக் கண்ணாடி அறையைப் பார்த்தாள். நல்லவேளை, காது அப்போது வேறொரு பெண்ணை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "தாங்கள் ஒதுக்கிய நேரத்திற்கு மிக்க நன்றி, அம்மா" என்று சொல்லி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு இணைப்பைத் துண்டித்தாள். ரொட்டி, முட்டை, பால் என்று பதிவு செய்தாள். அந்த ஆபீஸுக்கு அதுவரை வந்த பதில்களில் சந்தேகமே இல்லாத உண்மை அது ஒன்றுதான்.

சற்று நேரத்தில் காது, பதிவைப் பார்த்துவிட்டு, அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"என்னம்மா இது? வாராவாரம் கோழியும் மீனுமா சாப்பிட்ட வீடு, திடீர்னு ரொட்டியும் முட்டையும்னா யார் நம்புவா?"

"அவங்க சொன்னதைத்தான் சார் எழுதினேன்."

"சொல்லுவாங்க. சொல்றதெல்லாம் உண்மையாயிடுமா? இந்த அம்மா எதையோ மறைக்கறாங்க. நம்பகமில்லாத ஆளு. இந்த நம்பரை லிஸ்ட்லருந்து எடுத்துடு."

எடுத்துவிட்டாள்.

வீட்டில் அன்று ரொட்டி நன்றாக முறுகியிருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகவே. கணவன் வரத் தாமதமாகும் என்று சொல்லியிருந்ததால் இரண்டு பேரும்தான் மேசையில்.

"எப்ப தெரிஞ்சுது அத்தை?"

"முதல் நாளே. போன்ல சொன்ன மீனு அன்னிக்கு ராத்திரியே பைக்குள்ளருந்து எட்டிப் பார்த்தா, எனக்கென்ன மூளை இல்லையா?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ சொன்னியா?" மாமியார் பாலை ஆற்றி அவள் பக்கம் தள்ளினார். "அந்தப் பொண்ணுகிட்ட எது சொன்னாலும் பதிலுக்குப் பதில் பேசாது. பேசறதுக்கு நல்லா இருந்துச்சு."

மருமகள் பாலைக் குடித்தாள். அந்த அஞ்சைப் பற்றிக் கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டு, ஒருவேளை ஒரு மூச்சு நின்றுவிட்டால்? ரொட்டியின் கருகிய பக்கத்தைச் சத்தமில்லாமல் சுரண்டிப் போட்டாள்.

நம்பரை எடுத்துவிட்ட விஷயத்தை அவள் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை சாயங்காலம் போன் பேசும் நேரம் வந்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமியார் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. தேநீர் இடைவேளையில் மாடிப்படிக்கு வந்து, தன் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"அத்தை, நான்தான். ராத்திரிக்கு என்ன செய்யலாம்?"

"இதைக் கேக்கவா போன் பண்ணே? வேலை நேரத்துல இது என்ன பழக்கம்?" என்றார் மாமியார். "வீட்டுக்கு வந்தா தெரியப் போகுது. வை, பால் பொங்குது."