அருள்செல்வி இறக்கிய எஞ்சின்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. வீட்டுக்காரர் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது.

மத்திகிரியில் நான் குடியிருப்பது ஒரு மாடி போர்ஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்த வெளியே வந்தவள் கீழே எட்டிப் பார்த்தேன். இரும்புக் கம்பத்தில் மாட்டிய சங்கிலியில் ஒரு கார் எஞ்சின் ஆளுயரத்தில் தொங்கியது. பக்கத்தில் வீட்டுக்காரம்மா அருள்செல்வி, நைட்டிக்கு மேல் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கையில் சங்கிலியும் மறு கையில் ஆடுகிற எஞ்சினுமாக நின்றிருந்தார். தொட்டிலை நிறுத்துவதுபோல அதை ஆடாமல்

(தொட்டில் வேண்டாம். பெண் என்றதும் என் கைக்குத் தானாக வந்துவிட்ட உவமை. அவர் எஞ்சினை எஞ்சினைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்தார்.)

ஈரத் துணி தோளில் கிடக்க, அதைப் பார்த்தபடியே நின்றேன். இதை எழுத வேண்டும் என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன். எதற்காக இறக்குகிறார் என்பது அப்போது தெரியாது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டி ஓசூருக்குள் நுழைந்த அந்த லாரியின் ஓட்டுநர்" — விட்டுவிட்டேன். ஓசூர் என்றாலே லாரியில் ஆரம்பிக்க வேண்டுமென்று யார் சொன்னது?

"சிங்கராயருக்கு இடது கால் இல்லை." — உண்மைதான். ஆனால் ஒரு மனிதரை அவரிடம் இல்லாததிலிருந்து அறிமுகப்படுத்துவது அநியாயமாகப் பட்டது. அதையும் விட்டேன்.

மூன்றாவதைத்தான் வைத்துக்கொண்டேன்.

அருள்செல்வியின் கணவர் சிங்கராயருக்குப் பழைய கார்கள் மேல் பைத்தியம். வேலை ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். விடுமுறை நாளில் இந்த வாசல் முழுக்க வண்டிகள் நிற்கும். ஓடாத அம்பாசடருக்கு வேறு டீசல் எஞ்சின் ஏற்றுவார். மூச்சு வாங்கும் ஜிப்சிக்கு வலுவான எஞ்சின் தேடிப் பொருத்துவார். தொழிலாகச் செய்யவில்லை. சிலர் ஞாயிறன்று கிரிக்கெட் ஆடுவதுபோல இவர் எஞ்சின் மாற்றினார். அவருடைய சொந்த வண்டி ஒரு பழைய வெள்ளை மாருதி 800. அதன் எஞ்சினை முழுக்கப் பிரித்து, தலைப்பகுதியைக் கடைந்து, கார்பரேட்டரைத் தன் காதுக்குப் பிடித்த மாதிரி திருத்தி, தானே மறுபடி கோத்தவர். தெருமுனையில் சத்தம் கேட்டாலே சிங்கராயர் வருகிறார் என்று சொல்லிவிடலாமாம்.

பிறகு ஜூஜுவாடி பக்கம் பைக்கில் வரும்போது விபத்து. முழங்காலுக்குக் கீழே இடது கால் போயிற்று.

செயற்கைக் காலோடு நன்றாகவே நடந்தார். ஒருநாள் 800-ஐ எடுத்தார். கிளட்ச்சை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பது அந்தக் காலுக்குத் தெரியவில்லை. வண்டி துள்ளிக் குதித்து, சொந்த கேட்டையே இடித்துக்கொண்டு நின்றது. இறங்கி, தார்ப்பாயைப் போட்டு மூடியவர் அதன்பின் வாசல் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

(கையால் இயக்கும் கிளட்ச் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "ஒரு கையில ஸ்டீரிங், ஒரு கையில கியர். கிளட்ச்ச பல்லால கடிக்கச் சொல்றீங்களா?" என்றார் சிங்கராயர்.)

3

இப்போது ஒரு சிக்கல். இந்த மனிதரை எப்படி உங்களுக்குப் பிடிக்கவைப்பது?

கதைக்காக அவரைக் கொஞ்சம் சாதுவாக்கிப் பார்த்தேன். மனைவியின் முயற்சியைக் கண்டு அவர் கண்கள் பனிக்க — இல்லை. பனிக்கவில்லை. நடந்தது இதுதான்.

அருள்செல்வி சிப்காட்டில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறார். இயந்திரம் புதிதல்ல, கார்தான் புதிது. கணவரின் நண்பர் கங்கப்பனைக் கூப்பிட்டுக்கொண்டு அவர் தார்ப்பாயை விலக்கிய அன்று, சிங்கராயர் ஜன்னலில் இருந்து கத்தினார்.

"என் வண்டியில எவனும் கை வைக்கக் கூடாது!"

"எவனும் வைக்கல. நான்தான் வைக்கறேன்."

"வெளையாடாத செல்வி. அது என் வண்டி."

"ஆர்.சி. புக்க எடுத்துப் பாருங்க. என் பேர்ல இருக்குது."

கங்கப்பன் சிரிப்பை அடக்க முடியாமல் குழாயடிக்குப் போய்விட்டார். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிற மனிதர். அந்த நேரம் மூன்றிலும் அவருக்கு வார்த்தை வரவில்லை.

"என்மேல பாவம் பாத்துத்தான் இதெல்லாம் செய்யறியா?" என்றார் சிங்கராயர், குரலைத் தாழ்த்தி.

"பாவம் பாத்திருந்தா ஒரு டிரைவர வச்சிருப்பேன்."

இதை எழுதியபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இந்த ஒரு வாக்கியத்தை என்னால் யோசித்து எழுதியிருக்க முடியாது.

பிறகு அருள்செல்வி என்னிடம் காரணம் சொன்னார். "எங்க போவணும்னாலும் கூட்டினு போன்னு கேக்கணுங்க்கா. கேக்கக் கூச்சப்பட்டுகினு, போறதையே வுட்டுட்டாரு. சர்ச்சுக்குக்கூட வர்றதில்ல."

4

கிளட்ச் மிதியே இல்லாத வண்டி வேண்டும். 800-க்குள் நுழைகிற அளவுக்குச் சிறிய ஆட்டோமேட்டிக் எஞ்சினும் கியர்பாக்ஸும் வேண்டும். பழைய மாருதி ஜென் கார்களில் ஆட்டோமேட்டிக் கொஞ்ச காலம் வந்தது. இன்று கண்ணில் படுவதே அரிது. கங்கப்பன் பெங்களூரில் அலைந்து, ஒரு வீட்டு ஷெட்டில் ஓடாமல் நின்ற ஒன்றைக் கண்டுபிடித்து, அத்திப்பள்ளி வழியாகக் கட்டி இழுத்து வந்தார். அருள்செல்வி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடந்து முறையாக அனுமதி வாங்கினார்.

(அந்த நடை ஒரு தனிக் கதை. எழுதமாட்டேன். உங்களுக்கே தெரியும்.)

ஒரு காரின் எஞ்சினை இன்னொன்றில் வைப்பது, எடுத்து வைத்து போல்ட்டை முடுக்குவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாடியிலிருந்து வாரந்தோறும் பார்த்தபோதுதான் புரிந்தது: இரண்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றையொன்று மறுக்கும். எஞ்சின் உட்காரும் தாங்கிகள் வேறு இடத்தில் இருக்கும். ரேடியேட்டர் போதாது. வயர்கள் வேறு நிறம் பேசும். அருள்செல்வி ஒவ்வொரு மறுப்பையும் உட்கார்ந்து கேட்டார். அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு தகட்டில் வெட்டி, ராவி, மறுபடி வைத்துப் பார்த்தார். பொருந்தாத ஒன்றை அடித்து நுழைத்ததை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

தப்பும் செய்தார். எஞ்சினிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் அச்சு இரண்டு கார்களுக்கும் வேறு வேறு நீளம். அளந்து, லேத்தில் கொடுத்துப் புதிதாகச் செய்து வந்தார். மாட்டினார். ஜாக்கியை இறக்கி வண்டி தரையில் உட்கார்ந்ததும் அச்சு இறுகிக்கொண்டது. சக்கரம் சுற்றவில்லை. கங்கப்பன் தலையில் கை வைத்தார்.

ஜன்னலில் இருந்து குரல் வந்தது.

"சக்கரத்த தொங்க வுட்டுகினு அளந்தா அப்படித்தான் ஆவும்."

அருள்செல்வி நிமிர்ந்தார். "அத அளக்கறப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீ கேட்டியா?"

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

சிங்கராயர் ஜன்னலைச் சாத்தவில்லை. அருள்செல்வி வண்டிக்கு அடியில் மறுபடி படுத்து, செய்து வந்த அச்சைக் கழற்றத் தொடங்கினார்.

5

கழற்றி வைத்த பழைய எஞ்சின் சுவரோரம் ஒரு டயரின் மேல் இருந்தது. வாசல் பக்கமே வராதிருந்த சிங்கராயர் வெளியே வந்தது அதற்காகத்தான்.

"இத என்ன பண்ணப் போற? பழைய இரும்புக்கா?"

அருள்செல்வி ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கங்கப்பண்ணா ஆம்னிக்குன்னு நெனச்சேன். நீங்க வேணாம்னா வேணாம்."

கங்கப்பன் மத்திகிரிப் பக்கத்திலேயே தக்காளி, கொத்தமல்லி போட்டிருக்கிறார். அவற்றை ராயக்கோட்டைச் சந்தைக்கு ஏற்றிப் போகும் பழைய மாருதி ஆம்னி வேன் அப்போது வெள்ளையாகப் புகை கக்கிக்கொண்டிருந்தது. ஆம்னிக்கும் 800-க்கும் அடிப்படையில் ஒரே எஞ்சின்தான். 800-இல் குறுக்காக இருக்கும், ஆம்னியில் நெடுக்காக.

"அவன் தக்காளி ஏத்தறதுக்கா நான் இத கோத்தேன்?"

கங்கப்பனுக்குச் சுருக்கென்றது. "பேடப்பா, வேணாம் சிங்கா. உன் பொருளு. நான் வேற பாத்துக்கறேன்."

சிங்கராயர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, எஞ்சினுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ஆம்னிய உள்ள எடு. நானே மாட்டறேன். நீ மாட்டினா நாசம் பண்ணிடுவ."

அந்தக் காட்சியை நான் வேண்டிய அளவு எழுதவில்லை, எழுத வரவில்லை. ஒரே வாசல். இந்தப் பக்கம் மனைவி, கணவரின் காருக்குள் புதிய எஞ்சினைக் கோத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கணவர், தன் பழைய எஞ்சினை நண்பனின் வண்டிக்குள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டூல்ஸ் பெட்டி. பேச்சு வார்த்தை கிடையாது. பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

6

இங்கே கதையை நிறுத்தி, இதுவரை எழுதியதை அருள்செல்வியிடம் கொடுத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து படித்தார். அப்போது இதில் இன்னொரு பத்தியும் இருந்தது.

"அக்கா, ஜென் எஞ்சின் ஸ்டார்ட் ஆனப்ப நான் அழுதேன்னு இருக்குதே. எப்ப அழுதேன்?"

"அழுதிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"அழுவறதுக்கு ஏது நேரம்? கூலன்ட் ஒழுகிகினு இருந்துச்சு. அத அடைக்கப் போயிட்டேன்."

பத்தியை எடுத்துவிட்டேன்.

"அவர ரொம்பக் கோவக்காரராப் போட்டிருக்கீங்க," என்றார், தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது.

"இல்லையா?"

"கோவக்காரர்தான். ஆனா அந்தக் கோவம் இருந்ததாலதான் எனக்குத் தைரியம் வந்துது. சும்மா செவுத்தப் பாத்துகினு இருந்திருந்தா நான் வண்டியத் தொட்டிருக்கவே மாட்டேன்."

இந்தக் கதையில் நான் புரிந்துகொள்ளாமலே எழுதிக்கொண்டிருந்தது அதுதான்.

7

வண்டி பரிசோதனை முடிந்து, தாள்கள் கைக்கு வந்தபின் ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். முன்னால் கங்கப்பனின் ஆம்னி, தக்காளிப் பெட்டிகளோடு. பின்னால் 800, ஓட்டுநர் இருக்கையில் சிங்கராயர், பக்கத்தில் அருள்செல்வி. நான் கேட் வரைதான் போனேன். மீதி அருள்செல்வி சொன்னது.

ராயக்கோட்டைச் சாலையில் ஏறினார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் சிங்கராயரின் இடது கால் முன்னே நகர்ந்து, ஒன்றுமில்லாத இடத்தை மிதித்தது.

"கால் தேடுது," என்றார்.

"தேடட்டும். கொஞ்ச நாள்ல வுட்டுடும்."

ஏற்றத்தில் கங்கப்பன் கியரைக் குறைத்து ஆம்னியை முடுக்கினார். சிங்கராயர் சட்டென்று கண்ணாடியை இறக்கினார்.

"என்ன சத்தம்?" என்று பதறினார் அருள்செல்வி. வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கிறார்.

"என் எஞ்சின்."

ஆம்னி ஏறி முடிக்கும்வரை அதன் பின்னாலேயே, முந்தாமல், கண்ணாடியை இறக்கியபடி ஓட்டினார்.

"இத்தன வருஷமா உள்ள உக்காந்தே கேட்டேன் செல்வி. ரோட்டுல ஓடறப்ப வெளிய இருந்து கேட்டதேயில்ல." கொஞ்சம் கழித்து, "நல்லாத்தான் கோத்திருக்கறேன்," என்றார்.

"சக்கத்தா, சூப்பரா இருக்குதுன்னு கங்கப்பண்ணா அன்னிக்கே சொல்லல?"

"அவன் எல்லாத்தையும் சக்கத்தும்பான்." பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்: "இதுவும் நல்லாருக்குது. நீ கோத்தது. அதிரவே இல்ல."

திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு என்று எழுதலாமா என்று கேட்டேன். "முதல்னு போடாதீங்க, ரெண்டாவது இருக்கும்," என்றார் அருள்செல்வி. முதலாவது எது என்று சொல்லவில்லை.

உத்தனப்பள்ளி வந்ததும் சிங்கராயர் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை ஓரம்கட்டினார். ஆம்னி சந்தைக்கு நேராகப் போய்விட்டது.

"செல்வி, நீ எறங்கி ஒரு டீ சாப்புடு."

"நீங்க?"

"நான் போயிட்டு வர்றேன்."

அருள்செல்வி இறங்கினார். எங்கே என்று கேட்கவில்லை. கதவைச் சாத்தி, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வெள்ளை 800 சிக்னல் போட்டு, சாலையில் ஏறி, புளியமரங்களைத் தாண்டி மறைந்தது.

8

பயப்படாதீர்கள், திரும்பி வந்துவிட்டார். அருள்செல்வி இரண்டாவது டீயை முடிப்பதற்குள் அல்ல, வெகுநேரம் கழித்து. வெயில் ஏறியிருந்தது. கடைக்காரர் உள்ளே வந்து உட்காரச் சொன்னாராம். அருள்செல்வி வெளியிலேயே நின்றிருக்கிறார். சக்கரத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. சிங்கராயர் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஏறு," என்றார், அவ்வளவுதான்.

எங்கே போயிருந்தார்?

கதைக்கு இது வேண்டும். நான் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில், தன்னைப்போலவே கால் போன ஒரு நண்பரைப் பார்க்கப் போகிறார். இன்னொன்றில், ராயக்கோட்டை மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து அழுகிறார். மூன்றாவதில் எங்கும் போகவில்லை. பெட்ரோல் முள் இறங்கும்வரை சும்மா ஓட்டிக்கொண்டே இருக்கிறார். மூன்றாவதுதான் நல்ல முடிவு என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது.

மூன்றையும் அருள்செல்வியிடம் காட்டினேன். படித்துவிட்டு என் பேனாவை வாங்கி மூன்றின் மேலும் கோடு போட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா, எங்க போனார்னு?"

"தெரியாதுக்கா."

"கேக்கலாமே?"

"அவரு ஒரு எடத்துக்குப் போவணும், அது எனக்குத் தெரியாம இருக்கணும். அதுக்குத்தானக்கா இவ்ளோ வேலையும்."

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார்.

ஆகவே முடிவு இப்படித்தான் நிற்கிறது: உத்தனப்பள்ளியில் மனைவியை இறக்கிவிட்ட பிறகு சிங்கராயர் தனியாக ஓட்டிக்கொண்டு போனது [                              ].

வேண்டுமானால் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள்.