நீல ஒயர்

"கல்லை எடுத்துட்டுத் தள்ளுங்கப்பா. கல்லை வெச்சுக்கிட்டே தள்ளினா எந்த ஊர்ல கார் நகரும்?"

தராசு மாமா சொன்ன பிறகுதான், பின்சக்கரத்துக்கு அடியில் கல் கிடப்பது தள்ளிக்கொண்டிருந்த நான்கு பேருக்கும் தெரிந்தது. ஒருவன் குனிந்து உருவினான். கார் முன்னால் போகவில்லை. அரை அடி பின்னால் சரிந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். கல் மறுபடி பழைய இடத்துக்கே போனது.

அவள் கூடத்து ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கணவர் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

தெருவைவிட வீடு தாழ்ந்து கிடந்தது. முற்றத்திலிருந்து வாசல் கேட்டுக்கு ஒரு சிமெண்டுச் சரிவு. விடியும் நேரத்தில் மகனும் பக்கத்து வீட்டுக்காரரும் தள்ளித் தள்ளி, காரைப் பாதிச் சரிவு ஏற்றியிருந்தார்கள். அங்கேயே மூச்சு வாங்கிப்போய், கல்லை வைத்து விட்டுவிட்டார்கள். மூக்கு தெருவிலும் வால் வீட்டிலுமாக, கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது கார். இரண்டு பக்கமும் ஒரு பூனை போகலாம். மனுஷன் போக முடியாது. அதனால்தான் காலையில் அவரைப் பக்கத்து வீட்டுக் குட்டைச் சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்து வாடகைக் காரில் ஏற்றினார்கள். திரும்பி வந்ததும் அதே சுவர் வழிதான். துக்கம் விசாரிக்க வருகிறவர்களும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரேறித்தான் வந்தார்கள். ஆனால் பெட்டியை அப்படித் தூக்க முடியாது என்று நாத்தனார் சொல்லிவிட்டாள்.

"கடையில முப்பது வருஷம் ராஜா மாதிரி உக்காந்தவரு. திருட்டுச் சாமான் மாதிரி சுவத்து மேல போகணுமா?"

பாத்திரக்கடைக்காரர் அவர். குடமும் அண்டாவும் தட்டித் தட்டிக் காட்டியே காது மந்தமாகிவிட்டது. கார் ஓட்டும்போது ரேடியோவில் செய்தி கேட்க வேண்டும், ஆனால் என்ஜின் சத்தத்தில் வாசிக்கிறவரின் குரல் கரைந்து போகிறது. கடைத்தெருக் கோடியில் காருக்கு ஸ்பீக்கர் மாட்டுகிறவனைப் பிடித்தார். தெருவே அவனை 'சவுண்டு' என்றுதான் கூப்பிடும். அவன் பேசினால் அடுத்த ஆளுக்குக் கேட்காது.

போன மாதம் இதே முற்றத்தில்தான் வேலை நடந்தது. அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது சவுண்டு காருக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆம்ப்ளிஃபையருக்கு மூணு ஒயர் முக்கியம்ணே. பேட்டரியிலேர்ந்து வர்ற இந்தத் தடிச்ச சிவப்பு சோறு போடுது. கறுப்பை வண்டி உடம்புல முறுக்கிடணும். இந்த ஒல்லி நீலம் இருக்கு பாருங்க, அதுதான் எஜமான். எந்திரின்னா எந்திரிக்கும், படுன்னா படுக்கும். இதைச் சாவியோட சேத்துட்டா, சாவியை எடுத்ததும் எல்லாம் படுத்துரும். உங்க பழைய ரேடியோவுல அதுக்கு வழி இல்ல. டேஷ்போர்டைக் கழட்டித்தான் சேக்கணும்."

"கழட்ட ஒரு கூலி, திரும்ப மாட்ட ஒரு கூலி. கழட்டவே வேண்டாம்னா ரெண்டும் மிச்சம். சரிதானே?"

"மிச்சம்தான்ணே. ஆனா..."

"ஆனாவை நீயே வெச்சுக்க. வேற வழி சொல்லு."

வேறு வழி, ஸ்டீரிங்குக்கு அடியில் சின்னதாக ஒரு ஸ்விட்ச். பேட்டரியிலிருந்து நேராக நீலத்துக்கு. போட்டால் சத்தம் வரும். இறங்கும்போது கையால் அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் ரேடியோ பேசாமல் கிடந்தாலும் ஆம்ப்ளிஃபையர் விழித்துக்கொண்டு பேட்டரியைத் தின்னும். சவுண்டு இதை இரண்டு தடவை சொன்னான்.

"எனக்குக் காதுதான்டா மந்தம். கை மந்தமில்ல" என்றார் அவர்.

உண்மைதான். அவர் ஒருநாளும் மறந்ததில்லை. வாடிக்கைக்காரர் விட்டுப்போன மூடியைக்கூட வருஷம் கழித்து எடுத்துக் கொடுக்கிறவர்.

மறந்தது அவள். சாயங்காலங்களில், அவர் கடையிலிருந்து வந்து கட்டிலில் சாய்ந்த பிறகு, அவள் சாவியை எடுத்துக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார அவளுக்கென்று இருந்த ஒரே அறை அதுதான். ஸ்விட்சைப் போட்டு, ரேடியோவைச் சின்னதாக வைத்துப் பழைய பாட்டுக் கேட்பாள். அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், பேட்டரிக்கு வாடகை கேட்டிருப்பார், அவ்வளவுதான். நேற்றும் போனாள். பாட்டு பாதியில் இருக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எங்க போய்த் தொலைஞ்ச? என் கண்ணாடி எங்க?"

சாவியைத் திருப்பினாள். பாட்டு நின்றது. உருவிக்கொண்டு உள்ளே ஓடினாள். கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

விடியற்காலையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். மகன் அவரைப் பின்சீட்டில் படுக்கவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி ஒரு 'டிக்'. அந்தச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மகன் இறங்கி முன்மூடியைத் தூக்கினான். அவள் முன்சீட்டிலிருந்து சாய்ந்து, ஸ்டீரிங்குக்கு அடியில் விரலை விட்டு, ஸ்விட்சை அணைத்தாள். அதை ஏன் அப்போது செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அணைத்தால் வண்டி கிளம்பிவிடும் என்று நினைத்திருக்கலாம். பின்னாலிருந்து அவர், "என்னாச்சு, கிளம்பலையா?" என்று கேட்டார். அவர் கடைசியாகக் கேட்டது அதுதான்.

கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தால் என்றார் டாக்டர்.

அந்த 'கொஞ்சம்' இப்போது வீடு முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது. சுவரேறி வந்த ஒவ்வொருவருக்கும் மகன் அதைச் சொன்னான். பேட்டரி புதுசு என்றும் சொன்னான். ஸ்விட்ச் அணைந்துதான் இருந்தது, நானே தடவிப் பார்த்தேன் என்றும் சொன்னான். அப்படியானால் குற்றம் யாருடையது என்பதற்குக் கணக்குப் போட வேண்டியதே இல்லை.

சவுண்டு சுவரில் ஒரு காலைப் போட்டபோதே மகன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"என்னத்தடா மாட்டின எங்கப்பா வண்டியில?"

சவுண்டு பெட்டியைப் பார்த்தான். பிறகு மகனைப் பார்த்தான்.

"ஸ்விட்சை அணைச்சிருந்தா பேட்டரி இறங்காது தம்பி."

"அணைஞ்சுதான் இருந்துச்சு. அப்ப நான் பொய் சொல்றேனா?"

"சொல்லல தம்பி."

தராசு மாமா எழுந்து வந்தார். எதிர்க் கடை இரும்பு வியாபாரி. எதையும் எடை போடாமல் பேச மாட்டார்.

"இந்தாப்பா, அவரு பேரம் பேசினாருன்னு வேலையில குறை வெச்சியா? பேசாத மனுஷன் யாரு இந்தத் தெருவுல? நான் பேசலையா? என் லாரிக்கும் நீதானே ஒயர் இழுத்த. நாளைக்கே எல்லாத்தையும் கழட்டிடு. இனிமே இந்தக் கடைத்தெருவுலேர்ந்து ஒரு வண்டி உன் பட்டறைக்கு வராது."

சவுண்டு ஏதோ சொன்னான். வழக்கம்போல யாருக்கும் கேட்கவில்லை.

அவள் எழுந்து நின்றாள். பக்கத்திலிருந்த பெண்கள், மயங்கி விழப் போகிறாள் என்று கையை நீட்டினார்கள்.

"அவனை விடு. நான்தான்" என்றாள். "நேத்து சாயங்காலம் நான்தான் ஸ்விட்சைப் போட்டேன். அணைக்கல."

நாத்தனார் அவளை இழுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பாருங்கடி, எல்லாத்தையும் தன் தலையிலயே அள்ளிப் போட்டுக்கறா. நானும் இப்படித்தான். எங்க வீட்டுக்காரரு போனப்ப, நான் உப்பு கூடப் போட்டதாலதான்னு ஒரு வருஷம் அரற்றிட்டே கிடந்தேன்."

"நான் ராத்திரி ஜன்னலைத் திறந்து வெச்சதாலதான்னு நெனச்சேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "எங்கம்மா போனப்ப."

சுவரோரமிருந்த ஒருத்தி, சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் படுத்த இரவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அந்தச் சரக்கு அந்தக் கூடத்தில் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தது. அவள் கொண்டுவந்ததை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மா" என்றான் மகன். "ஸ்விட்ச் அணைஞ்சிருந்துச்சும்மா. நான் பார்த்தேன்."

"அது காலையில நான் அணைச்சது."

"இப்பதான் அணைக்கலைன்னு சொன்னா, இப்ப அணைச்சேங்கறா" என்றாள் நாத்தனார், அவள் தலைக்கு மேலாக மற்றவர்களிடம். "பாவம், புத்தி ஒரு எடத்துல நிக்கல. யாராவது தண்ணி குடுங்க."

டம்ளர் வந்தது. டம்ளருக்கு மேலே அவள் சவுண்டைப் பார்த்தாள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று போட்டது, காலையில் அணைத்தது: இரண்டையும் சேர்த்து முறுக்க அந்தக் கூடத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். முறுக்கிவிட்டான். அது அவன் கண்ணில் தெரிந்தது. சொல்லுடா என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். நீ சொன்னால் நம்புவார்கள்.

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, இந்த ஒரு தடவை மட்டும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினான்.

"அண்ணி மேல ஒண்ணுமில்ல. என் வேலைதான் சரியில்ல. சிவப்பு ஒயர் எங்கயோ உரசியிருக்கும்."

முப்பது வருஷம் வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். அடக்க விலைக்கும் கீழே சரக்கைக் கொடுக்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"பொய் சொல்றான்" என்றாள். நாத்தனாரின் கை அவள் தலையைத் தடவிக்கொடுத்தது.

மகன் கையை ஓங்கினான். தராசு மாமா நடுவில் புகுந்து, பெட்டியைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினார். சவுண்டு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"வண்டியை மட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் போயிடறேன். அவரு வெளிய போகணும்ல."

அவன் சுவரேறிப் போனான். தன் வேனைத் தெருவில் காரின் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினான். இரண்டு பேட்டரிக்கும் நடுவே ஒரு சிவப்புக் கேபிளும் ஒரு கறுப்புக் கேபிளும் இழுத்தான். பிறகு சாவிக்காகக் கையை நீட்டினான். மகன் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு வழியாகப் போய், தெருப்பக்கமாகக் கதவைத் திறந்து, தானே ஏறி உட்கார்ந்து திருப்பினான்.

ஒரே திருப்பு. என்ஜின் பிடித்துக்கொண்டது.

காலையில் இல்லாமல் போனது இவ்வளவுதான் என்று கூடத்தில் எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கையில் டம்ளர் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அதை மெதுவாக வாங்கி வைத்தாள்.

சவுண்டு கேபிளைக் கழற்றி, வேனைப் பின்னால் எடுத்தான். கார் சரிவேறித் தெருவுக்குப் போய் எதிர்ப்பக்கம் நின்றது. மகன் இறங்கி, என்ஜினை அணைக்கக் கையை உள்ளே விட்டான்.

"உடனே அணைச்சிடாதீங்க தம்பி" என்றான் சவுண்டு. "கொஞ்ச நேரம் ஓடட்டும். அப்பதான் பேட்டரி ஏறும். இப்ப அணைச்சா மறுபடி கிளம்பாது."

மகன் கையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். சவுண்டு கேபிளை முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, வேனில் வைத்தான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிட்டார்கள். அவனும் ஓரடி முன்னால் வந்தான். தராசு மாமா அவனுக்கு முன்னால் போய் நின்று அந்த மூலையைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டி கேட்டு வழியாக, இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு, வெளியே போனது. நாத்தனார் தெருவரை ஓடினாள். ஆண்களும் வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி மறைந்தார்கள். சவுண்டின் வேன் எதிர்த்திசையில் போனது.

எதிர்ப்பக்கம் கார் மட்டும், உள்ளே ஆளில்லாமல், ஓடிக்கொண்டே நின்றது. ஜன்னல் வழியாகப் புகை கூடத்துக்குள் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பெட்ரோல் வீணாப் போகுதேக்கா. அணைச்சுட்டு வரட்டுமா?"

"ஓடட்டும்" என்றாள் அவள்.

பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள். கண்ணாடி சன்னமாக அதிர்ந்துகொண்டிருந்தது.