தொடர்ச்சி பக்கம் இருபத்தேழில்

என் கணவர் மருந்து மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்றில் பத்தொன்பது வருடம் கணக்கு எழுதினார். அவர் எழுதியதைத் தணிக்கை செய்ய, உரிமம் பெற்ற ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை வருவார். காப்பி குடிப்பார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். அந்தக் கையெழுத்து ஒருநாள் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்பதுதான் என் கணவருக்கு இருந்த ஒரே பேராசை.

உரிமத் தேர்வு ஆறு தாள். ஒவ்வொன்றிலும் ஐம்பது வாங்கவேண்டும். தேறிய தாள் ஐந்து வருடம்தான் செல்லும். அதற்குள் ஆறையும் முடிக்காவிட்டால் முதலில் தேறியது காலாவதி. கிடங்கில் இருமல் மருந்துக்கு இருந்த அதே விதி. ஐந்து வருடத்தில் மனிதனுக்கு வரிச்சட்டம் மறந்துபோகும் என்று தேர்வு நடத்தும் வாரியத்துக்குக் கவலை. உரிமம் வாங்கியவர்களுக்கு மட்டும் அது ஆயுசுக்கும் மறக்காது.

"அண்ணன் எழுதறத நிறுத்தினா வாரியத்துக்காரன் கடையச் சாத்த வேண்டியதுதான்" என்பார் லாரிப் பட்டறை வைத்திருக்கும் என் கொழுந்தனார்.

"நீ போல்ட்டு முடுக்கறதுக்குப் பரிட்சையாடா எழுதின?"

"நான் முடுக்கினது கழண்டா லாரி கவுந்துரும்ணே. அதான் எனக்குப் பரிட்சை. உங்க வாரியத்துல எது கழண்டாலும் ஒண்ணும் கவுறாதே!"

ஐந்து தாள் தேறிவிட்டார். மிச்சம் தணிக்கைத் தாள். அதில் நான்காம் கேள்விக்குப் பாதி பதில் எழுதி, பிறகு வரலாம் என்று ஒரு பக்கம் விட்டுவிட்டு ஐந்தாம் கேள்விக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது விட்ட இடம் போதவில்லை. "தொடர்ச்சி பக்கம் 27" என்று எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடும் போட்டுவிட்டுக் கடைசியில் முடித்திருக்கிறார். தணிக்கையாளர் ஒரு பக்கத்தைப் பார்க்காமல் விட்டால் யார் பொறுப்பு என்பதுதான் அந்த நான்காம் கேள்வி.

"மொத்தத்தையும் ஒரே இடத்துல எழுதியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"பேரேட்டுல பக்கம் நிறைஞ்சா இப்படித்தான் கொண்டுபோவோம். திருத்தறவரும் நம்ம தொழில்தானே? திருப்பாமலா இருப்பார்?"

நாற்பத்தொன்று வந்தது.

"திருப்பல" என்றார். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மறுபரிசீலனைப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கடிகாரத்துக்குக் கீழே செருகினார். வெள்ளிக்கிழமை மதியம் கிடங்கில் மேசைமேல் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் படிவத்தைக் கண்டேன். தோற்றவராக அவரை விட்டுவிட மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனேன். அங்கே ஜன்னல் வயிற்று உயரத்தில் இருக்கும். குனியாமல் யாரும் எதையும் கேட்க முடியாது.

"விண்ணப்பதாரர் வரலையா?" என்றார் உள்ளே இருந்த எழுத்தர்.

"போன வெள்ளிக்கிழமை தவறிட்டார் சார்."

அவர் படிவத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, இறந்தவங்க விண்ணப்பிக்க விதியில்ல. ஆனா இதுல கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு. நீங்க சொன்னது என் காதுல விழல. சரியா?"

"சரிங்க சார்."

முத்திரை குத்தினார். அந்தக் கட்டடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நியாயம் அந்தச் செவிட்டுத்தனம்தான்.

மூன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இருபத்தேழாம் பக்கத்தில் விடை இருந்தது தெரியவந்ததாம். பத்து மதிப்பெண். ஐம்பத்தொன்று. தேர்ச்சி.

அடுத்த பத்தியையும் படித்தேன். தேர்ச்சி, திருத்த ஆணையின் தேதியான ஜூலை ஒன்பது முதலே செல்லும். முதல் தாள் ஜூன் முப்பதோடு காலாவதியாகிவிட்டது. எனவே அதை மட்டும் மறுபடி எழுதவேண்டும். பிழை வாரியத்துடையது என்பதால் மறுபரிசீலனைக் கட்டணம் அவருக்கே சேரும். ஆனால் திருப்பித் தரும் வழக்கமில்லை. அடுத்த தேர்வுக் கட்டணத்தில் சரிக்கட்டி, அனுமதிச் சீட்டை இணைத்திருந்தார்கள். அதில் அவர் புகைப்படம்.

"பக்கத்தப் புரட்ட அவனுங்களுக்கு மூணரை மாசம், காலாவதி அண்ணனுக்கா?" என்று கொழுந்தனார் குதித்தார். "அண்ணி, அந்த ஜன்னலப் பேத்து லாரில ஏத்திட்டு வந்துரவா?"

"வேணாம் தம்பி. அதுக்கும் ஒரு படிவம் வச்சிருப்பாங்க."

நான் ஒரு கடிதம் மட்டும் எழுதினேன். தேர்வு நாளுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை, அன்று இருந்த விடைக்கு அன்றைய தேதியே நியாயம் என்று எழுதி, கீழே 'மனைவி' என்று கையெழுத்திட்டேன். பதில் அவர் பெயருக்கே வந்தது. விதியைக் கவனமாகப் படிக்கும்படி சொல்லி, வாழ்த்தும் தெரிவித்திருந்தார்கள்.

தேர்வு முடிந்து பட்டியல் வந்தது. ஐந்து தாள் தேர்ச்சி. முதல் தாளுக்கு நேரே 'வரவில்லை.'

திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிழையே இல்லை. வாரியம் அவரைப் பற்றி முதல் தடவையிலேயே சரியாகப் போட்டது அந்த ஒன்றைத்தான். மறுபரிசீலனை வேண்டுவோருக்குப் பதினைந்து நாள் அவகாசம் என்று அடியில் அச்சிட்டிருந்தது.

பதினைந்து நாளும் அதை மேசைமேலேயே வைத்திருந்தேன்.