வைத்திலிங்கம் போகாத விசாரணை

வைத்திலிங்கத்துக்கு வாய் நீளம். கீழப்பழுவூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார் என்று பேர்தானே தவிர, பஞ்சர் ஒட்டிய நேரத்தைவிட மனு எழுதிய நேரம்தான் அதிகம். கூலியைக் குறைத்தால் மனு, ஆளை அடித்தால் மனு, மனுவுக்குப் பதில் வராவிட்டால் அதற்கும் ஒரு மனு. பஸ் ஏறி அரியலூர், பெரம்பலூர், திருச்சி என்று போய் எந்த அதிகாரி முன்னாலும் நின்று ஊராருக்காகப் பேசிவிட்டு வருவார். இப்படிப்பட்ட மனுஷனை எமர்ஜென்சி நேரத்தில் மேலிடம் சும்மா விட்டுவைக்குமா? எழுபத்தாறாம் வருஷம் உத்தரவு வந்துவிட்டது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தினமும் காலையில் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். தாண்டினால் ஜெயில். எத்தனை நாளைக்கு என்று மட்டும் யாருமே சொல்லவில்லை.

வேறு சமயமாக இருந்தால் அவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். பெரம்பலூர் விசாரணை நெருங்கிக்கொண்டிருந்ததே, அதுதான் கவலை.

ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு கல் குவாரி. முன்பணம் கொடுத்து ஆளைக் கூட்டிப்போவார்கள், அப்புறம் வெளியே விடமாட்டார்கள். பொங்கலுக்கும் விடுவதில்லை, பெற்றவள் செத்தாலும் விடுவதில்லை. கீழப்பழுவூரில் நடவுக்குப் போகிற பெண்களில் பாதிப் பேருக்குப் புருஷனோ தம்பியோ அந்தக் குவாரிக்குள் கிடந்தான். ராசாத்தியின் புருஷன் பிச்சைமுத்து போய் நாலு வருஷம். கொத்தடிமை கூடாது என்று அந்த வருஷம்தான் சட்டம் வந்தது. சட்டம் வந்த கையோடு வைத்திலிங்கம் மனுவாகப் போட்டு வருவாய்த்துறை ஆர்.டி.ஓ.வை விசாரணைக்கு வரவைத்துவிட்டார். வரவைத்தவர் போக முடியாது! அன்றைக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லையென்றால் புகார் பொய் என்று முடித்துவிடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே சாக வேண்டியதுதான்.

சாட்சி சொல்ல யார் போவார்கள்? போன வருஷம் கூலி விஷயமாக அமாவாசை என்பவர் தனியாகப் போய் வாக்குமூலம் கொடுத்தார். திரும்பி வருகிற வழியில் குவாரி ஆட்கள் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் காலை உடைத்துவிட்டார்கள். அதிலிருந்து எல்லோருக்கும் குலைநடுக்கம். வைத்திலிங்கம் முன்னால் நின்றால் வருகிற அடி அவருக்கு வரும் என்ற தைரியத்தில்தான் மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள். இப்போது அந்தத் தைரியமும் போயிற்று.

கடைசியில் அவர் ராசாத்தியைத் தேர்ந்தெடுத்துக் கடையில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

"எங்க, சொல்லு பாப்போம். நான்தான் ஆர்.டி.ஓ. உம் புருசன் எங்கம்மா இருக்காரு?"

ராசாத்தி சேலைத் தலைப்பைப் பிசைந்தாள். "அண்ணே, உங்களப் பாத்தே எனக்கு வாய் வரமாட்டேங்குதே. அங்க போயி எப்படிண்ணே?"

"வராமப் போனா உம் புருசன் வரமாட்டான். அத நெனச்சுக்க!"

அவள் அழுதேவிட்டாள். அந்த வழியாக வந்த பொன்னாயிக்குப் பொறுக்கவில்லை. பொன்னாயி அந்த ஊர் நடவு ஆட்களுக்குத் தலைவி. அவள் தம்பியும் குவாரியில்தான் இருந்தான்.

"ஏன்டா வைத்தி, அவள ஏன் இந்தப் பாடு படுத்துற? நாங்க எல்லாருமே போறோம்."

"எல்லாருமா? அக்கா, அது விசாரணை. ஒவ்வொருத்தராக் கூப்புட்டுக் கேப்பாங்க. கும்பலாப் போயி நிக்க அது என்ன வயக்காடா?"

"போயி நின்னாத்தானே தெரியும். நீ போய் சைக்கிளுக்குக் காத்தடி."

விசாரணை நாளன்று பெண்கள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். அரியலூர் ரோட்டில் ஊர் எல்லை முடிகிற சிறு பாலம் வரைக்கும் வைத்திலிங்கம் கூடவே நடந்தார். அவரைக் கவனிக்கப் போட்டிருந்த கான்ஸ்டபிள் கண்ணையன் ஒரு பத்தடி பின்னால் வந்தார். அங்கே பெண்கள் ஏறிக்கொண்டதும் பஸ் பாலத்தைத் தாண்டிப் போயிற்று. பொன்னாயி ஜன்னல் வழியாக, "சாப்புடாம கெடக்காத!" என்று கத்தினாள்.

எங்கே சாப்பிடுவது? பாலத்துக் கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டார். ராசாத்தி வாயடைத்து நிற்பதும், குவாரி மேஸ்திரி அவளை முறைப்பதும் கண்ணுக்குள்ளேயே நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவர் வாயை நம்பி உட்கார்ந்திருந்தார், பாவம். நொந்துபோய், கண்ணில் பட்ட கொடுக்காப்புளி மரத்தைக்கூடத் திட்டினார்.

"வெயில் ஏறுது, கடைக்குப் போயிடலாம் வாங்க" என்றார் கண்ணையன்.

"உங்க உத்தரவுல இங்க உக்காரக் கூடாதுன்னு இருக்கா சார்?"

கண்ணையன் போய் டீ வாங்கிவந்து கொடுத்தார்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஒரு லாரி வந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. உள்ளே ஒரே இரைச்சல். பின்பலகையைத் திறந்ததும் பெண்கள் குதித்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் தலையிலும் புருவத்திலும் கல்தூசி படிந்த ஆம்பிளைகள் இறங்கினார்கள். வைத்திலிங்கம் எழுந்து நின்றார். கால் தன்னால் முன்னே போகப் பார்த்தது. சட்டென்று பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திக்கொண்டார்.

பொன்னாயிதான் முதலில் வந்தாள். "உம் பாடத்தக் கொண்டுபோய் குப்பையில போடு வைத்தி! இந்த ராசாத்தியக் கூப்புட்டாங்க. போயி நின்னா. வாயத் தொறந்தா வெறும் காத்துதான் வருது. அந்த மேஸ்திரிப் பய கண்ண எடுக்காம மொறைக்கிறான். எனக்கு எங்கேர்ந்துதான் வந்துச்சோ, எந்திரிச்சு நடவுல எடுத்துக் குடுக்குற மாதிரி குடுத்தேன். 'எங்க ஆம்பளைங்கள வெளியவே விடலங்க சார்'னேன். அம்புட்டு பேரும் அதயே திருப்பிச் சொன்னாளுவ."

நடவில் அப்படித்தான். பொன்னாயி ஒரு அடி எடுத்துக் கொடுப்பாள். வரிசை மொத்தமும் அதை வாங்கித் திருப்பிப் பாடும். குனிந்த தலை நிமிராது, யார் குரல் எது என்று வரப்பில் நிற்கிறவனுக்குப் பிடிபடாது.

"ஆபீசர் என்ன சொன்னாரு?"

"யாராச்சும் ஒருத்தர் பேசுங்கம்மான்னாரு. 'தனியாப் பேசுற பழக்கம் எங்களுக்கு இல்லங்க சார்'னேன். அதயும் எல்லாரும் திருப்பிச் சொன்னாளுவ. மனுசன் சிரிச்சுட்டாரு. சரி, எல்லாரு பேரையும் எழுதிக்கன்னு கிளார்க்குகிட்ட சொல்லிப்புட்டாரு. மேஸ்திரி மூஞ்சியப் பாக்கணுமே! எவ கால ஒடைப்பான்? எத்தன பேரு கால ஒடைப்பான்?"

ராசாத்தி முன்னால் வந்தாள். "அண்ணே, நாலு அடி போனதும் எனக்கும் கொரலு வந்துடுச்சுண்ணே. எங்க வூட்டுக்காரர முதுகுல பெல்ட்டால அடிக்கிறதாச் சேதி வந்தத நான்தான் எடுத்துக் குடுத்தேன். பொன்னாயக்காவே எனக்குத் திருப்பிச் சொன்னாங்க." சொல்லும்போதே சிரித்தாள். ஆர்.டி.ஓ. அப்படியே எழுந்து ஜீப்பில் குவாரிக்குப் போனதையும், கேட்டைத் திறக்கவைத்ததையும், லாரி பிடித்து எல்லோரையும் அனுப்பிவைத்ததையும் ஆளாளுக்குச் சொன்னார்கள்.

இத்தனை வருஷம் இவர்களுக்கு வாயாக இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்த வைத்திலிங்கம் அத்தனை பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க நல்லா இருக்கணும் தாயிங்களா. என்னக் காப்பாத்திட்டீங்க" என்றார். கண்ணீர் மீசையில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

பிச்சைமுத்து கடைசியாக மெதுவாக நடந்து வந்தான். அவனுக்கு உத்தரவு சமாசாரம் தெரியாது. "ஏண்ணே அங்கேயே நிக்கிறீங்க?" என்றான். ராசாத்தி சொன்னாள். அவன் பாலத்தை ஒருதரம் பார்த்தான், அவரை ஒருதரம் பார்த்தான்.

"எங்களுக்கும் அங்க கேட்டு மட்டுந்தான், சுத்தி வேலியெல்லாம் கெடையாதுண்ணே. ஆனா கால எடுத்து வெளிய வைக்க முடியாது, அம்புட்டுதான்" என்று சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கை காய்ந்த மண்கட்டி மாதிரி இருந்தது.

பிறகு பிச்சைமுத்து சொன்னான். "அந்தக் குவாரிக்கு அந்தாண்ட இன்னொரு குவாரி இருக்குண்ணே. அங்க உள்ள சனங்க எங்களவிட மோசம். அவுங்க வூட்டு ஆளுங்களுக்குச் சேதியே போகல. வர்ற திங்கக்கெழம நான் போறேன்."

ராசாத்தி பதறிப்போனாள். "ஐயோ, இப்பத்தானே வந்த! மறுபடியும் அந்தப் பக்கமா?"

"எனக்குத் தடை ஒண்ணும் இல்லையே புள்ள. அண்ணனுக்குத்தான இருக்கு." அவன் வைத்திலிங்கத்தைப் பார்த்தான். "ஆபீசருகிட்ட என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிக் குடுங்கண்ணே."

வைத்திலிங்கம் அவன் கையை விடவே இல்லை.

"என்னக் கேக்காதப்பா" என்றார். "பொன்னாயக்காவக் கூட்டிக்கிட்டுப் போ."