ரொட்டிக்கடைக்குள் நாய்

கடைக்குள் நாய் வரக்கூடாது. அன்றைக்கும் இதுதான் என் கட்சி, இன்றைக்கும் இதுதான். சட்டை போட்ட நாயானாலும் சரி, கழுத்தில் வெள்ளிச் சங்கிலி கட்டிய நாயானாலும் சரி, ரொட்டி விற்கிற இடத்தில் அதற்கு என்ன வேலை? ஒரே ஒரு முடி போதும், தெருவே நம்மை விட்டு வேறு கடைக்குப் போய்விடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்ததைக் கேட்டவர்கள் எல்லாம் அகஸ்டினா மனம் மாறிவிட்டாள் என்று பேசிக்கொண்டு திரிகிறார்கள். நான் ஒன்றும் மாறவில்லை.

முத்தியால்பேட்டையில் என் அப்பா வைத்த கடை அது. அப்பா போன பிறகு எனக்கு வந்தது. பின்கட்டில் அடுப்பு, மாவு பிசையும் தொட்டி, வேலைக்குப் பக்கிரி. முன்கட்டில் அலமாரி, மேசை, நான். என் புருஷன் மிக்கேல் காலையில் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்கார வீடுகளுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பார். என்னைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டோடு வந்து தங்கியவர் அவர். யாராவது அதைக் குத்திக் காட்டினால் சிரித்துக்கொள்வார். சிரிக்கிறவருக்கு வலிக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடை அலமாரிக்கு மேலே ஆரோக்கியநாதர் படம் ஒன்று இருக்கிறது. வாந்திபேதி வந்த வருஷம் அப்பா மாட்டியது. சாமி அங்கியை விலக்கித் தொடைப்புண்ணைக் காட்டிக்கொண்டு நிற்பார். காலடியில் ஒரு நாய், அதன் வாயில் ஒரு ரொட்டி. கொள்ளைநோய் பிடித்துக் காட்டில் தனியே கிடந்த சாமிக்கு அந்த நாய்தான் தன் எசமான் வீட்டு மேசையிலிருந்து தினமும் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்ததாம். எங்கள் வேதக்காரர் வீட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் அந்தக் கதை தெரியும்.

மில்லில் வேலைநிறுத்தம் செய்தவர்களைச் சிப்பாய்கள் துப்பாக்கியால் சுட்டதற்கு முந்தின வருஷம், பிரான்சுக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார மதாம் தன் நாயை மிக்கேல் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். காப்பி நிறம், மடிந்த காது. பிஜு என்று பெயர். அது நேராகக் கடைக்குள் வந்து, மேசைக்கு அடியில், அடுப்புச் சூடு தரைவழியாக வருகிற இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து அங்கேயே படுத்தது போல.

எதிர்வீட்டுச் சூசைமேரி அக்காதான் முதலில் மூக்கைச் சுளித்தாள். "நாய் மோந்த ரொட்டிய நாங்க திங்கணுமா?" என்றாள். கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனாள். அடுத்த வாரமே அலமாரியில் ரொட்டி மிஞ்சியது.

மிக்கேலிடம் சொன்னேன். "மதாமுங்க நாயோட எல்லாக் கடைக்கும் போறாங்க, துணிக்கடை, ஒயின் கடை எல்லாம். யாரும் ஒண்ணும் சொல்றதில்ல," என்றார்.

"அது வெள்ளக்காரங்க கடை."

"இது?"

"இது எங்கப்பா கடை. யாரு உள்ள வரணும், யாரு வரக்கூடாதுன்னு நான்தான் சொல்லணும்."

நாயைப் பற்றித்தான் சொன்னேன். அவர் தன்னைப் பற்றி என்று கேட்டுக்கொண்டார். சட்டையை மாட்டினார், பிஜுவைக் கூப்பிட்டார், போய்விட்டார். மாதா பரலோகம் ஏறின திருநாளுக்கு ஊரே புதுத்துணி உடுத்திக் கோயிலுக்குப் போனது. நான் மட்டும் தனியாகப் போய் தனியாக வந்தேன்.

போன இடம் தெரியாமல் இல்லை. குருசுக்குப்பத்துக் குப்பன் அவருடைய சிநேகிதன். குப்பன் பெண்சாதி பூவாயி மீன் கூடையோடு எங்கள் தெரு வழியாகத்தான் போவாள். "ஒங்க வூட்டுக்காரரு எங்க வூட்டுலதான் கீறாரு. வல பின்னக் கத்துக்கறாரு. ஒரு கண்ணும் ஒழுங்கா வரல," என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கேட்டால் நான் இறங்கிவந்தது போல ஆகிவிடாதா? போனவர் அல்லவா வரவேண்டும்?

பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் புதுச்சேரி கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போய்விடும். வெயில் இறங்கிய பிறகுதான் எழுந்திருக்கும். அந்த நேரத்தில் காக்காய்கூடக் கத்தாது. நான் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு மாவு மூட்டைமேல் சாய்ந்துகொள்வேன். கதவிடுக்கில் வருகிற வெயில்கீற்றில் மாவுத்தூசி மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. புருவத்தில் மாவு ஒட்டிய மிக்கேல் வந்து எதிரில் உட்கார்ந்திருப்பார். பேச வாயெடுத்தால் தூசியாகிப் போய்விடுவார்.

அப்படி ஒரு மத்தியானம் பிஜு உள்ளே வந்தது. கனவு என்றுதான் நினைத்தேன். அது மேசைக்கு அடியில் போய்ப் பார்த்தது, தன் இடத்தை மோந்தது, பிறகு என்னைப் பார்த்தது. எழுந்து விரட்டியிருக்க வேண்டும். ஆனால் அதன் முதுகு மயிரில் கடல்மணல் ஒட்டியிருந்தது. அவர் படுத்துக்கிடக்கிற மணல். மிக்கேலுக்குக் காலையில் காப்பியில் தோய்த்த ரொட்டி இல்லாவிட்டால் பொழுதே விடியாது. குப்பன் வீட்டில் பழையதுதானே கிடைக்கும்?

ஒரு நீட்டு ரொட்டியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நான் கொடுக்கவில்லை, பாருங்கள். மேசையில் இருந்தது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது நாயும் இல்லை, ரொட்டியும் இல்லை.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. பிறகு தினமும் அவருக்கென்று ஒரு ரொட்டியை நானே தனியாகப் பிசைந்தேன். இரண்டு முனையும் கருகுவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுத்தால்தான் அவருக்குப் பிடிக்கும். "கறுக்க வுட்றீங்களேம்மா," என்று பக்கிரி பதறுவான். "நீ ஒன் வேலையப் பாரு," என்பேன். கோபம் வந்த நாளில் உப்பைக் குறைத்தேன், தின்னட்டும் சப்பென்று. மறுநாள் மனசு கேட்காமல் மேலே வெண்ணெய் தடவினேன். மழை தூறின ஒரு நாள் நடுவில் சீனி வைத்துச் சுட்டேன். வாயால் சொல்ல முடியாததையெல்லாம் மாவில் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றையும் பிட்டுப் பார்த்து, இன்றைக்கு அகஸ்டினா என்ன சொல்கிறாள் என்று புரிந்துகொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சூசைமேரி அக்கா பார்த்துவிட்டாள். ஒரு நாள் தூக்கம் வராமல் சன்னலில் நின்றவள், வெயிலில் ஆளில்லாத தெருவின் நடுவே, வாயில் ரொட்டியோடு போகிற நாயைப் பார்த்தாள். தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "அகஸ்டினா! படத்துல இருக்கற மாதிரியேடி! சாமி நாய்டீ அது!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது பிஜு, அக்கா."

"பிஜுவா இருந்தா என்னா? எந்த நாய்க்குள்ள எறங்கணும்னு சாமிக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். எங்கோ ஒரு புண்ணியவான் நோயில் கிடக்கிறார், நாய் அவருக்கு ரொட்டி சுமக்கிறது என்று நெல்லித்தோப்பு வரைக்கும் செய்தி போய்விட்டது. நாய் மோந்த ரொட்டி வேண்டாம் என்றவர்கள் நாய் மோந்ததாகப் பார்த்துக் கேட்டார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து பிஜுவின் தலையைத் தொடவைத்தார்கள். அதுவும் ஆயர் முத்தத்துக்கு மோதிரக் கையை நீட்டுகிற மாதிரி தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். நாயைக் கடைக்குள் விடாதே என்ற அதே வாய், "அதுக்கு ஒரு பாய் போட்டு வையேன்," என்றது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு தாங்கவில்லை. பயமும் இருந்தது. பின்னாலேயே போய்ப் பார்த்தால் புண்ணியவான் எங்கே கிடப்பார்? குப்பன் வீட்டுக் கட்டுமரத்து நிழலில், பெண்டாட்டியோடு கோபித்துக்கொண்டு, வலை பின்னத் தெரியாமல் கிடப்பார். என் மானம் கப்பலேறிவிடும். "சாமியச் சோதிக்கக் கூடாது, யாரும் பின்னால போவாதீங்க," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சூசைமேரி அக்கா மட்டும் கேட்காமல் ஒரு நாள் போனாள். நாய் சவுக்குத் தோப்பு வரைக்கும் போனதாம், அப்புறம் மறைந்துவிட்டதாம். "மறைஞ்சிட்டுதுடி," என்று அவள் கண்ணை மூடிச் சொன்னபோது கேட்டவர்கள் எல்லாம் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

தேவதூதரான மிக்கேல் சம்மனசு திருநாள் வந்தது. அவர் பெயர் கொண்ட திருநாள். வருஷா வருஷம் அன்றைக்கு அவருக்கு மட்டும் திராட்சை போட்டு ஒரு ரொட்டி சுடுவேன், வேறு யாருக்கும் கிடையாது. அந்த வருஷமும் சுட்டேன். திராட்சையைக் கை நிறையப் போட்டேன். வாங்க என்று சொல்ல அதற்குமேல் எனக்குத் தெரியவில்லை.

பிஜு அதைக் கவ்விக்கொண்டு போனது. நான் தலைசீவிப் பூ வைத்து, கல்யாணப் புடவையை எடுத்து உடுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் இறங்கியது, கடை திறந்தது, விளக்கு வைத்தார்கள். தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அவர் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் கதவை முழுக்கச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மேசையில் ரொட்டி வைக்கவில்லை. தின்னத் தெரிகிறது, வரத் தெரியவில்லை, இனி ஒரு துணுக்கும் கிடையாது. மூட்டைமேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். எனக்கு அவர் வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று ஆரோக்கியநாதரிடம் சத்தமாகவே சொன்னேன். தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. கனவில் கதவைப் பிராண்டுகிற சத்தம். பிராண்டிக்கொண்டே இருந்தது, நின்றது. அப்புறம் யாரோ விரலால் தட்டினார்கள். நாய் தட்டுமா என்று கனவிலேயே யோசித்துக்கொண்டு எழுந்து போய்த் திறந்தேன்.

வெளியே கண் கூசுகிற வெயில். அதில் மிக்கேல் நின்றார். கறுத்துப்போய், தாடி வளர்ந்து, காலெல்லாம் மணலாக. பிஜு எங்கள் இருவர் காலுக்கும் நடுவே நுழைந்து மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் படிக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வரலாமா?" என்றார்.

என் வீட்டு வாசலில் நின்று என் புருஷன் கேட்கிறார். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"தெனம் ரொட்டி மட்டும் வாங்கித் தின்னத் தெரிஞ்சுதே, வர்றதுக்கு இத்தன நாளா?"

"எந்த ரொட்டி?"

"வெளையாடறீங்களா? பிஜு வாயில குடுத்து அனுப்பினது. வெண்ண தடவினது, சீனி வெச்சது."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் நாயைப் பார்த்தோம். வந்தபோது இருந்ததைவிட அது இரண்டு பங்கு பெருத்திருந்தது. அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

"எனக்கு ஒரு துணுக்குகூட வரல, அகஸ்டினா."

ஊரையெல்லாம் பார்த்துச் சிரித்தேனே! வாயில் ரொட்டியோடு போகிற நாய் அதை மனுஷனிடம்தான் கொண்டுபோய்க் கொடுக்கும் என்று எல்லோரையும்விட நான்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறேன். பிறந்தது முதல் அந்தப் படத்தின் கீழேயே உட்கார்ந்திருந்தவள் வேறு எதை நம்புவாள்? உப்பும் வெண்ணெயும் சீனியும் எல்லாம் சவுக்குத் தோப்பில் அந்தத் தடியன் வயிற்றுக்குப் போயிருக்கிறது.

"அப்ப எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

"நேத்து சாயந்தரம் என் மடியில வந்து தலைய வெச்சிது. வாயெல்லாம் திராட்ச வாசன. என் திருநாளுக்கு நீ போடுற ரொட்டி வாசன எனக்குத் தெரியாதா?" அவர் படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாய உள்ள வுட்டிருக்கா, அப்ப என்னையும் வுடுவாளோன்னு வந்தேன்."

நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். வலை நூல் அறுத்த விரலை என் கன்னத்தில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெயில்கீற்றில் மாவுத்தூசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை அவர் தூசியாகிப் போகவில்லை.

கடை திறக்கிற நேரத்துக்குச் சூசைமேரி அக்கா வந்தாள். ஆரோக்கியநாதர் படத்துக்குக் கீழே மிக்கேல் உட்கார்ந்து காப்பியில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். காலடியில் பிஜு. அக்கா அவர் தாடியைப் பார்த்தாள், காலில் இருந்த மணலைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். புண்ணியவான் யாரென்று புரிய அவளுக்கு நேரமாகவில்லை. முகம் விழுந்துவிட்டது. சாமி நாய் மறுபடியும் வெறும் நாயாகிவிட்டது.

"தம்பி, நாய வெளிய கட்டு. ரொட்டியில முடி வுழுது," என்றாள்.

நியாயமான பேச்சு. என் கட்சியும் அதுதான். மிக்கேல் தின்பதை நிறுத்திவிட்டு, மெதுவாகக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். நான் அவர் தோளில் கை வைத்து உட்காரவைத்தேன்.

"இது எங்க ரெண்டு பேரு கடை, அக்கா," என்றேன். "யாரு உள்ள இருக்கணும்னு அவரையும் கேட்டுத்தான் சொல்லணும்."

மிக்கேல் தலையைக் குனிந்து மறுபடி ரொட்டியைத் தோய்த்தார். தோய்த்த ரொட்டியைத் தின்னவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு அழுதார்.