பக்கத்து வீட்டுக்குச் சொல்லவில்லை

நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடியில் சனிக்கிழமைக் காலைகளில் கூடுகிற அந்தக் கூட்டத்தில் ஆலோசனைக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. சொந்தமாக ஏதாவது செயலி செய்து பிழைக்கலாம் என்று கொழும்பு வேலையை விட்டவர்கள், வேலையே கிடைக்காதவர்கள், வீட்டுக்காரரின் வாய்க்குப் பயந்து வந்திருப்பவர்கள் என்று எல்லாரும் ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் வாடிக்கையாளர்கள் இருந்தது மயூரதன் ஒருவருக்குத்தான். அதனால் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள்.

“வாங்கினவனிட்டைக் கேளாதேங்கோ, அவன் புகழுவான்,” என்றார் அன்று. “வராமல் விட்டவனைத் தேடிப் போங்கோ. ஏன் வரேல்லை எண்டு கேளுங்கோ. உங்கடை பிழை அவனிட்டைத்தான் இருக்கு.”

அடுத்து சாருஜாவும் அவளுடைய கூட்டாளி கோபிசங்கரும் தங்கள் செயலியைக் காட்டவேண்டிய முறை. மரண அறிவித்தலுக்கான செயலி அது. இங்கே ஒருவர் கண்ணை மூடினால் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் சொல்லவேண்டும். அழுதுகொண்டிருக்கிற வீட்டில் யார் இருந்து ஒவ்வொரு நம்பராக எடுப்பது? படத்தையும் பெயரையும் போட்டால் போதும். அறிவித்தலை எழுதி உறவினர் அத்தனை பேரின் தொலைபேசிக்கும் அதுவே அனுப்பிவிடும்.

பொய்ப் பெயரோடு காட்டினால் பார்க்கிறவனுக்கு மனம் அசையாது என்று போன கூட்டத்தில் மயூரதன் சொல்லியிருந்தார். கோபியின் தாய் பெரிய விரதக்காரி. உயிரோடு இருக்கிற ஆளைச் செத்தவராக எழுதினால் மகனை வீட்டுக்குள் விடமாட்டாள். சாருஜாவுக்குத் தாய் இல்லை. தகப்பன் அருளம்பலத்தின் நல்ல படம் ஒன்று கைவசம் இருந்தது, சொந்தக்காரரின் நம்பர்களும் இருந்தன. படித்த பிள்ளைக்கு அந்த நேரம் புத்தி எங்கே மேயப் போனதோ, தகப்பனையே போட்டுவிட்டாள்.

‘யாழ். கோப்பாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திரு. கந்தையா அருளம்பலம் அவர்கள் இன்று காலமானார்’ என்று திரையில் வந்தபோது பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கோபி அனுப்புகிற பொத்தானை அமத்தினான். அது வெறும் காட்சிக்கு இருக்கவேண்டிய பொத்தான். அதைப் பூட்டி வைத்தது அவள் என்று அவன் நினைத்திருந்தான், அவன் என்று அவள் நினைத்திருந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்து கீழே இறங்கி தொலைபேசியைப் பார்த்தபோதுதான் வெளிநாட்டு அழைப்புகள் குவிந்து கிடந்தன. “பிழையாப் போட்டுது எண்டு எல்லாருக்கும் உடனை அனுப்பும்,” என்று சாருஜா கோபியிடம் கத்திவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

ஆனால் செத்தவீட்டுக்குத் தொலைபேசி எடுத்து ‘மெய்தானோ’ என்று விசாரிக்கிற வழக்கம் ஊரில் இருக்கிற எங்கள் சனத்திடம் இல்லை. கேள்விப்பட்டால் வெளிக்கிட வேண்டியதுதான். அவள் கோப்பாய்க்கு வந்து சேர்ந்தபோது படலையில் சைக்கிள்களும் ஓட்டோக்களும் நின்றன. மருதனார்மடத்திலிருந்து வந்த குணலட்சுமி மாமி படலையிலேயே தொடங்கிக் குழறியபடி உள்ளே ஓடியிருக்கிறாள். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு மண்வெட்டியோடு வந்த அருளம்பலம் அவளைப் பார்த்து, “ஆர் செத்தது?” என்று கேட்டிருக்கிறார்.

வந்தவர்கள் போகவும் மாட்டாமல் இருக்கவும் மாட்டாமல் முற்றத்தில் நின்றார்கள். வீட்டுக்குப் போய் முழுகவேண்டுமா இல்லையா என்று ஒருவர் மெல்லக் கேட்டார். மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்தது. சாருஜாவுக்கு வரவில்லை. ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவைக்கப் பின்னேரமாகிவிட்டது. அருளம்பலம் அவளை ஏசவே இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோபி அழைத்தான். “செய்தி ஒருத்தருக்கும் தவறேல்லை, பாத்தீரே? இதைவிட என்ன சோதனை வேணும்? மயூரதன் அண்ணையும் கேள்விப்பட்டிட்டார். ஊரே இதைத்தான் கதைக்குதாம். இந்தச் சூட்டோடை வெளியிடச் சொல்லுறார்.”

“என்ரை அப்பாவைச் சாகடிச்சுப்போட்டு நிக்கிறன், கோபி. இப்ப என்னோடை கதையாதையும்,” என்று அவள் வைத்துவிட்டாள்.

ஆட்கள் போய் முற்றம் வெறிச்சோடிய பிறகு அருளம்பலம் கதிரையில் இருந்து மதிலைப் பார்த்தார். மதிலுக்கு அந்தப்பக்கம் அவருடைய தம்பி தம்பிஐயாவின் வீடு. கலியாணம் கட்டாத தனிமனிதர். வேலி இருந்த இடத்தில் மதில் கட்டும்போது அரை முழ நிலத்துக்கு மூண்ட சண்டையோடு இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை.

“எல்லாரும் வந்தவை,” என்றார். “உவன் மட்டும் வரேல்லை. நான் செத்தும் வரேல்லை.”

அழுதுவிட்டார். தகப்பன் அழுவதை அவள் தாயின் செத்தவீட்டில் பார்த்த பிறகு இன்றுதான் பார்த்தாள். செய்த பிழையெல்லாம் தன்னுடையது என்று தெரிந்தும் அவளுக்குச் சித்தப்பா மேல் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. வராமல் விட்டவனைத் தேடிப்போய்க் கேட்கச் சொல்லித்தானே காலையில் புத்தி சொன்னார்கள்? செருப்பைக் கொழுவிக்கொண்டு போனாள்.

பொழுதுபட்டிருந்தது. தம்பிஐயாவின் வீடு இருண்டு கிடந்தது. விறாந்தையில் அவர் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக வெறும் நிலத்தில் இருந்தார். குசினியில் அடுப்பு மூட்டிய மணம் இல்லை. சாமியறைக் கதவு சாத்தியிருந்தது.

“வந்திட்டியோ பிள்ளை,” என்றார் நிமிராமல். “எத்தினை மணிக்குப் பிரேதம் எடுக்கிறியள்?”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு விறாந்தையில் ஏறினாள்.

“காலமை உங்கை அண்ணையின்ரை பேர் சொல்லிக் குழறிக் கேட்ட நேரந்தொட்டு இருக்கிறன். ஆரும் வந்து சொல்லுவினம் எண்டு பாத்தன். மதிலுக்குச் சண்டை பிடிச்சனான்தான். அதுக்காக அண்ணை செத்ததைக்கூட ஒரு ஆள் வந்து சொல்லாதோ? சொல்லாத வீட்டுக்கு என்னெண்டு வாறது?”

சித்தப்பாவின் நம்பர் அவளிடம் இல்லை. அறிவித்தலும் வரவில்லை, அது பிழை என்ற செய்தியும் வரவில்லை. ரொறன்ரோவுக்குப் போன செய்தி மதிலைத் தாண்டவில்லை. தாண்டவேண்டிய கால்கள் அவளுடையவை.

“அப்பா இருக்கிறார், சித்தப்பா. நான்தான் பிழையா அனுப்பிப்போட்டன்,” என்று அழுதழுது எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் முகத்தில் ஏதோ தெளிந்து, பிறகு இறுகியது.

“காலமை செத்தவர் எண்டு ஊருக்கெல்லாம் சொன்ன ஆள் நீ. இப்ப இருக்கிறார் எண்டும் நீதான் சொல்லுறாய். உன்ரை சொல்லுக்கு நான் எழும்பேலாது பிள்ளை. அண்ணை இருந்தால் அவர் வந்து சொல்லட்டும்.”

அவள் திரும்பி வந்தபோது அருளம்பலம் படலையடியில் நின்றார். “என்னவாம்?” என்றார்.

“செத்தவீட்டுத் துடக்குக் காக்கிறார், அப்பா. அடுப்பு மூட்டேல்லை. விளக்கு வைக்கேல்லை. நான் சொல்ல நம்புறார் இல்லை. உங்களை வந்து சொல்லட்டாம்.”

அருளம்பலம் படலைக் கொழுக்கியில் கை வைத்தார். ஒழுங்கையில் இறங்கினால் அடுத்த படலை தம்பியுடையது. அவர் கை கொழுக்கியிலேயே நின்றது. பிறகு அதை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கதிரைக்குத் திரும்பினார்.

“அவன் வரட்டும்,” என்றார். இருந்தவர் மதிலுக்கு மேலால் அந்த இருட்டைப் பார்த்தார். நன்றாகப் பயந்துபோன குரலில் கேட்டார்:

“அப்ப அவன்ரை வீட்டிலை நான் இன்னும் செத்துத்தான் கிடக்கிறனோ, பிள்ளை?”