பின்கூண்டின் வெப்பமானி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். அன்று வெயில் நூற்றுப் பதினான்கு டிகிரி ஃபாரன்ஹீட் என்பேன். டார்லீன் நூற்றுப் பதினாறு என்பாள். ஆனால் தவறு என்னுடையது என்பதில் குழப்பமில்லை.

அரிசோனாவில் எங்கள் ஊர்க் காவல்துறைப் பட்டறையில் நான் மெக்கானிக். டார்லீன் நாய்ப்படைக்காரி, அவளுடைய நாய் டக். அவள் வேலையாக இறங்கிப் போகும்போதும் காவல் வண்டியின் இன்ஜின் ஓடும். ஏசியில் டக் பின்கூண்டில் படுத்திருக்கும். கூண்டருகே ஒரு வெப்பமானி உண்டு; அதில் சூடேறினால் கண்ணாடிகள் தாமாக இறங்கும், மின்விசிறி சுழலும், அவள் இடுப்பிலிருக்கும் கருவி அலறும்.

பின் கண்ணாடியில் வெயில் பட்டாலே அது அலறியது. "யோவ் மெர்ல், சாப்பிட உக்காந்தா கத்துது, பாத்ரூம் போனா கத்துது. டக்கை விட இதுக்குத்தான் என் மேல பாசம் ஜாஸ்தி," என்றாள். நான் வெப்பமானியைக் கழற்றி, முன்னால் ஏசி காற்று படும் இடத்தில் பொருத்தினேன். அதன்பின் அவள் கருவி கத்தவே இல்லை.

அந்த அமைதி என்னை உறுத்தியது. ஒரு மதியம், வெயிலில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பின்கூண்டில் நானே ஏறி உட்கார்ந்தேன். முன்னால் பொருத்தியது எழுபத்தாறு காட்டியது. என் கையிலிருந்த வேறொரு வெப்பமானியில் தொண்ணூற்று மூன்று. நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னாலிருந்த வெப்பமானியைத் திரும்பக் கூண்டருகே மாட்டினேன். வெயில் நேராகப் படாதபடி ஒரு தகடும் வைத்தேன்.

"மறுபடியும் கத்துமா?"

"கத்தலாம். முன்னாடி வெச்சது என் தப்பு, டார்லீன்."

அவள் கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

மூன்றாம் நாள், நான் முதலில் சொன்ன அந்த வெயிலில், நீதிமன்றத்தில் அவள் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது கருவி அலறியது. நீதிபதி முகம் சுளித்தார். "ஐயா, என் நாய்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள். ஏசி பெல்ட் அறுந்திருந்தது. கண்ணாடிகள் இறங்கி, மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. டக் நாக்கைத் தொங்கவிட்டு, ஏன் தாமதம் என்பதுபோல அவளைப் பார்த்தது.

மாலையில் பட்டறைக்கு வந்தாள். வண்டியின் முன்பக்கம், நான் வெப்பமானியை வைத்திருந்த இடத்தில், வெறும் ஏசி காற்றுக்குழாய்தான் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இங்கயே இருந்திருந்தா?"

"பெல்ட் அறுந்தப்புறமும் கொஞ்ச நேரம் குளிராத்தான் காட்டியிருக்கும்."

அவள் குழாயிலிருந்து கையை எடுத்தாள். "இனிமே எவ்வளவு வேணாலும் கத்தட்டும்யா," என்றாள் பிறகு.

டக் இரண்டு ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றது. டார்லீன் வீட்டுச் சமையலறைத் தரையில் தூங்குகிறது. டார்லீனுக்குப் புது நாய் வந்திருக்கிறது. நான் அதே பட்டறையில் இருக்கிறேன்; புது வண்டி எது வந்தாலும் முதலில் பின்கூண்டில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறேன்.